ஆனைக்குக் கண்ணு நோவு

பூவு கோயிலுக்கில்லம்மா. ஆனைக்கு.

சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன். ஆனைக்கு, மானுக்கு, முதலைக்கு, பொறவு ஒரு ஒட்டகச்சிவிங்கிக்கு. பை நெறைய நந்தியாவட்டையைப் பறிச்சு வச்சிக்கிட்டு இவ எந்தச் சாமிக்குக் கொண்டு போறாளோன்னு ஆலங்குளத்துல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வாறிய, எனக்குத் தெரியும். வாயத் தொறந்து கேட்டுட்டிய, நல்லதாப் போச்சு. கடையம் போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆவும். இந்த டிரைவரு ஓட்டுத லட்சணத்துக்கு ஒரு மணி நேரம்னே வச்சிக்கிடுங்க.

நான் சொவத்துல படம் வரையுதவ. பேரு இசக்கியம்மாள். பிள்ளையளுக்குன்னே வரையுதேன். புது வீடு கட்டுதவிய பிள்ளை படுக்குத ரூமுக்குக் கேப்பாவ. பொறவு பள்ளிக்கூடத்து வராந்தா, அங்கன்வாடி, தடுப்பூசி போடுத எடம், இப்படி. பெயிண்டு விசயத்துல நான் ரொம்பக் கறாரு. தண்ணிப் பெயிண்டு மட்டுந்தான் தொடுவேன். வாடையே இருக்காது. பச்சப் பிள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டு அடிக்கலாம், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது. வேணும்னா எழுதியே தாறேன்.

ஆனா பிள்ளையன்னா எனக்கு ஆவாது. ஆமாம்மா, உள்ளதச் சொல்லுததுக்கு என்ன. ரெண்டு பெத்தேன், வளத்தேன், கெட்டிக் குடுத்தேன், போதும். படம் வரையுதது பிள்ளையளுக்குன்னாலும் பேசுதது பெரியவியகிட்டதான? பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் வீடு. பிள்ளைக்கு எட்டு மாசம். அம்மாக்காரி பனி கொட்டுத மலையும் கோட்டையும் வேணும்னா. நம்மூரு வெயிலுக்குப் பனி கொட்டுதாம். சரின்னு பதினோரு நாளு நின்னு வரைஞ்சேன். அந்தப் பிள்ளை மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல ஓடுத ஃபேனையே பாத்துச் சிரிச்சிட்டுக் கெடந்துச்சு. என் சொவத்த ஒரு தடவ திரும்பிப் பாக்கணுமே! அதான் சொல்லுதேன், அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது.

எங்க வீட்டுக்காரரும் இந்தத் தொழிலுதான். ‘சிவனணைஞ்சான் ஆர்ட்ஸ்’னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போர்டு பாத்திருப்பிய. அந்தப் போர்டையே நான்தான் எழுதுனேன், அது வேற விசயம். இருவத்தி ரெண்டு வருசமா நான் வரைஞ்ச மயிலு, மானு, அன்னம் எல்லாத்துக்கும் கீழ மூலையில அவிய பேருதான் இருக்கு. நல்ல மனுசன், குத்தம் சொல்லப்பிடாது. கேட்டா, “நம்ம கடை பேருதானட்டி”ம்பாவ. நம்ம கடைதான். ஆனா பேரு அவிய பேருலா?

அப்பத்தான் இந்த அங்கன்வாடி வேல வந்துச்சு. அவிய ஒரு கட்சி ஆபீஸு சொவருக்குப் போயிட்டாவ. “பிள்ளைய படம்தான, நீயே போய்ப் போட்டுட்டு வா”ன்னுட்டாவ. அங்கன்வாடியெல்லாம் பாக்குத பெரிய மேடம் ஒருத்தி இருக்கா. ஈரோட்டுப் பக்கம். அவ என்னயப் பாத்து, “இந்த ஒரு சுவர் நல்லா வந்தா மீதிப் பதினோரு ஊரும் உங்களுக்குத்தான் இசக்கியம்மா. உங்க பேரையே கீழ எழுதிக்கங்க”ன்னா. என் பேரு! எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. கையெழுத்து எப்படிப் போடன்னு பழைய நோட்டுல நாலு பக்கம் எழுதி எழுதிப் பாத்தேன்.

ஊரு ஊத்தடிப்பட்டி. சின்ன ஊரு. ஒரே ரூமு, முன்னால ஒரு வேப்பமரம். ஆவுடை டீச்சருன்னு ஒரு டீச்சரு. சாதுவானவ, வாயில பூச்சி போனாலும் தெரியாது. பதினேழு பிள்ளைய. நான் ஒரு சொவரு பூராவும் காடு போட்டேன். ஆனை, மானு, கொளத்துல முதல, ஒரு எலி, மரத்துல கொரங்கு, இந்தக் கோடியில ஒட்டகச்சிவிங்கி. நம்ம காட்டுல ஏது ஒட்டகச்சிவிங்கின்னு கேக்காதிய. மேடத்துக்குப் பிடிக்கும்னு போட்டேன். கழுத்து மேல கூரை உத்தரம் வரைக்கும் போச்சு.

இதுல என் பழக்கம் ஒண்ணு உண்டு. கண்ணக் கடைசியிலதான் தொறப்பேன். கோயிலுல மண்ணுச் சாமி செய்தவிய கண்ண கடைசியில, தெர கெட்டி, நல்ல நேரம் பாத்துத்தான தொறப்பாவ? சின்னதுல அதப் பாத்துப் பிடிச்சிக்கிட்டேன். மொதல்லயே கண்ண வச்சிட்டோம்னு வைங்க, அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சிரும். பாத்துக்கிட்டு இருக்குத சீவனுக்கு எப்படி வாலு வரைய? எனக்கு வெக்கமா இருக்கும். அதனால கண்ணு எடத்துல வெள்ள வட்டமா விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் முடிப்பேன். முடிக்குத அன்னைக்குக் கண்ணு. கண்ணு தொறந்த பொறவுதான் கீழ பேரு.

மொத நாளே சனியன் தொடங்கிட்டு. பதினேழு பிள்ளை, முப்பத்தி நாலு கையி. ஈரம் காயதுக்குள்ள ஒவ்வொண்ணும் வந்து வந்து தடவுது. ஆனை முதுவுல ஒரு கையி. கொளத்துல ரெண்டு கையி. அந்தக் கையை அப்படியே கொண்டு போய் ஆவுடை டீச்சரு சேலையில தொடைக்குது. டீச்சரு, “தொடாதிய மக்கா, தொடாதிய மக்கா”ங்கா. அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டுருக்காது. நான் குச்சியை எடுத்து ஓங்குனேன். குச்சி கண்டு ஓடுததுக்குப் பதிலா வெளையாட்டுன்னு நெனச்சி இன்னும் நாலு வருது.

அதுல ஒருத்தி. நாலு வயசு. பேச்சிரித்திகா. குலசாமி பேரும் வேணும், நாகரிகமும் வேணும்னு ஒட்டுப் போட்டு வச்சிருக்காவ. மத்தியானம் எல்லாப் பிள்ளையும் பாயில படுத்து உறங்கும், இவ மட்டும் உறங்க மாட்டா. என் பின்னால வந்து நிப்பா. நின்னுக்கிட்டு, “ஆச்சி, ஆனைக்கு ஏன் கண்ணு தெரியல?”

ஆச்சியாம். எனக்கு நாப்பத்தொம்போதுதான் ஆவுது. பேத்தி ஒண்ணு இருக்கா, அது வேற விசயம்.

நான் பிரஷ முக்கிட்டு என் வேலையப் பாத்தேன். விட்டாளா? “ஆச்சி, மானுக்கும் கண்ணு இல்ல. எலிக்கும் இல்ல. அதுக எப்படி வீட்டுக்குப் போவும்?” கையி நேரா ஆனை மூஞ்சிக்குப் போவுது. மூஞ்சி அப்பத்தான் அடிச்சது. எனக்கு வந்த ஆத்திரத்துல வாயில வந்ததச் சொன்னேன். “அதுகளுக்குக் கண்ணு நோவுட்டி. மெட்ராஸ் ஐ. கிட்டப் போனா ஒனக்கும் ஒட்டிக்கிடும். ஓடு!”

ஓடிட்டா. போனவ சும்மா போவல. ஒவ்வொரு பிள்ளையா எழுப்பிச் சொல்லிட்டா. அவ்வளவுதான். மறுநாளு ஒரு பிள்ளை சொவருக்குக் கிட்ட வரல. கண்ணப் பொத்திக்கிட்டு மறு சொவத்த ஒட்டி ஒட்டிப் போவுது. ஒரு அம்மாக்காரி வந்து, “இங்கன ஆருக்கு டீச்சர் கண்ணு நோவு?”ன்னு கேட்டுட்டுப் போறா. எனக்கு ஒரே சிரிப்பு. இருவத்தி ரெண்டு வருசத்துல இப்படி நிம்மதியா நான் வேல பாத்ததே இல்ல. என் புத்திய நானே மெச்சிக்கிட்டேன்.

ரித்திகா மட்டும் வாசப்படியில உக்காந்துக்கிட்டு அங்கன இருந்தே கேப்பா. “ஆச்சி, இன்னைக்குச் சரியாயிட்டா?”

“இல்ல.”

“ரொம்ப நோவுதா?”

“ரொம்ப.”

“எப்பச் சரியாவும்?”

“வெள்ளிக்கெழம சரியாவும், போட்டீ.”

வெள்ளிக்கெழம கண்ணு தொறக்க நாள் குறிச்சிருந்தேன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதுக்கு முந்தி ஒம்போதேகாலுக்கு ஆரம்பிச்சிப் பத்தேகாலுக்குள்ள எல்லாக் கண்ணையும் தொறந்துரணும், பேர எழுதிரணும், மேடம் பன்னெண்டுக்கு வருவா. இதான் கணக்கு. வியாழக்கெழம எல்லா வேலையும் முடிஞ்சிட்டு. கண்ணு வைக்கச் சன்னமான பொடி பிரஷு வேணும்னு மத்தியானமே கெளம்பி வீட்டுக்கு வந்துட்டேன். நான் செஞ்ச தப்பு அதான்.

வெள்ளிக்கெழம எட்டரைக்குப் போய் எறங்குதேன். ஆவுடை டீச்சரு வாசல்லயே நிக்கா. மூஞ்சி செத்துப் போயிருக்கு. “அக்கா, நான் பதிவேடு எழுதிக்கிட்டு இருந்தேன். பிள்ளைய உறங்குதுன்னு நெனச்சேன்”ங்கா. உள்ள போய்ப் பாத்தா, என்னத்தச் சொல்ல! ஆனைக்குக் கண்ணு எடத்துல நந்தியாவட்டை. அஞ்சாறு பூவு. மானுக்குப் பூவு. முதலைக்குப் பூவு. எலி சின்னதுலா, அதுக்கு மூஞ்சி முழுக்கப் பூவு. எதுல ஒட்டிருக்குதுன்னு தொட்டுப் பாத்தேன். சத்துமாவு! திங்கதுக்குக் குடுத்த சத்துமாவத் தண்ணியில கொழச்சி, அப்பு அப்புன்னு அப்பி, பூவ வச்சி அமுக்கியிருக்குதுக. மாவு வழிஞ்சி ஆனை தும்பிக்கை வரைக்கும் ஒழுகிக் காஞ்சி கெடக்கு. பூவெல்லாம் வதங்கிப் பழுப்பா ஆயிட்டு.

“எந்தச் சவம்ட்டி இதச் செஞ்சது?”ன்னு போட்டேன் ஒரு சத்தம். வேப்பமரத்துக் காக்கா பறந்துட்டு.

வாசல்ல ரித்திகா நிக்கா. கையில ஒரு கிண்ணம், அடியில கொழச்ச மாவு, மேல நெறையப் புதுப் பூவு. பனி காயல. என் சத்தத்துக்கு ஒரு பயமும் இல்ல. “நான்தான் ஆச்சி. எனக்குக் கண்ணு செவந்தப்ப எங்கம்மா இதத்தான் வச்சா. எல்லாருஞ் சேந்து வச்சோம். இன்னைக்கு வெள்ளிக்கெழமலா, சரியாயிட்டா?”

மணி எட்டே முக்கா. துணிய நனைச்சித் தொடச்சாக்கூடத் தீராது, மறுபடி வெள்ள அடிச்சிக் காய வைக்கணும். ஆனை கண்ணுல இருக்கத நகத்தால சொரண்டுனேன். அவ ஓடி வந்து என் சேலையப் பிடிச்சி இழுக்கா. “புடுங்காத ஆச்சி! அதுக்கு நோவும்! புடுங்காத!” ஓன்னு அழுதா. அவ அழுததப் பாத்து மத்தது பதினாறும் அழுது. எதுக்கு அழுதோம்னு தெரியாமலே அழுது.

அப்படியே உக்காந்துட்டேன். எம்பேரு போச்சேன்னு இருந்துச்சு. பதினோரு ஊரு போச்சு. இனி காலமெல்லாம் சிவனணைஞ்சான் ஆர்ட்ஸ்தான்னு இருந்துச்சு. அத ஒரு பக்கம் வைங்க. நான் சொன்ன பொய்யி ஒண்ணு. அத நம்பி இதுக தின்னாம கொள்ளாம மருந்து போட்டிருக்கே, கிட்டப் போனா ஒட்டிக்கிடும்னு சொல்லியும் போயிருக்குதுகளேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன். அந்த நேரம் பாத்துப் பெயிண்டு வாடை வேற கண்ணுல அடிச்சிட்டு. ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு ஆயி, தண்ணி தண்ணியா ஊத்துது. பெயிண்டுன்னா அப்படித்தான், சமயத்துல காரமா அடிக்கும்.

வாசல்ல ஜீப்பு சத்தம். மேடம்! பன்னெண்டுக்கு வாறவ ஒம்போதுக்கு வந்து நிக்கா. வேற எங்கயோ மீட்டிங்காம்.

உள்ள வந்தா. சொவத்தப் பாத்தா. பதினேழு பிள்ளை அழுததப் பாத்தா. என்னயப் பாத்தா. ஆவுடை டீச்சரு சொவரோட சொவரா ஒட்டிக்கிட்டா. மேடம் எங்கள ஒண்ணும் கேக்கல. நேரா ரித்திகா முன்னால குத்த வச்சி உக்காந்து, “என்ன கண்ணு இது?”ன்னா.

“ஆனைக்குக் கண்ணு நோவு. இந்த ஆச்சிதான் சொன்னா. நாங்க மருந்து போட்டிருக்கோம். கொரங்குக்கு நாக்காலி போட்டு வச்சோம். ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் எட்டல.” சொல்லும்போதே அவளுக்கு மறுபடி ஒதடு பிதுங்குது. “அது பாவம். அதுக்கு மட்டும் யாரும் போடல.”

மேடம் என் பக்கம் திரும்புனா. “நீங்களா சொன்னீங்க?”

எனக்கு வாயி உண்டும்மா. இந்தத் தாலுகாவுல என் வாயிக்கு ஈடு கெடையாதுன்னு எங்க மாமியாளே சொல்லிருக்கா. அன்னைக்கு உள்ளதுதான் வந்துச்சு. “ஆமா மேடம். பொய்யி சொன்னேன். பிள்ளைய சொவத்தத் தொட்டுரப்பிடாதுன்னு பொய்யி சொன்னேன்”ன்னேன். அப்படிச் சொன்னதும் பாரம் எறங்குனாப்புல இருந்துச்சு. போனது போவட்டும்னு பிரஷ எடுத்துப் பையில வச்சேன்.

மேடம் சிரிக்கவும் இல்ல, ஏசவும் இல்ல. மேல ஒட்டகச்சிவிங்கியப் பாத்தா. “அப்ப அதை எப்பப் பாக்கப் போறீங்க? நோயாளி காத்துட்டு இருக்கில்ல?”

எனக்கு மொதல்ல வெளங்கல. ஆவுடை டீச்சருதான் ஸ்டூல இழுத்துப் போட்டா. நான் ரித்திகாவத் தூக்குனேன். சின்னப் பிள்ளைன்னுதான் பேரு, கல்லு மாதிரி கனம். ஒரு கையில கிண்ணத்தோட அவ, ஒரு கையி சொவத்துல, ஸ்டூலு மேல ஏறுனேன். டீச்சரு கீழ ஸ்டூலப் பிடிச்சிக்கிட்டு, “முருகா முருகா”ங்கா. அந்தப் பிள்ளை அவசரமே படல. மாவ எடுத்தா, அப்புனா, பூவ வச்சா, உள்ளங்கையால மெதுவா அமுக்குனா. வச்சிட்டு ஒட்டகச்சிவிங்கி மூக்குல ஊதி விட்டா. “இனி நோவாது”ன்னு சொன்னா.

பொறவு திரும்பி என் மூஞ்சியப் பாத்தா. கிட்டத்துல. “ஒனக்கும் செவந்திருக்கே ஆச்சி.”

வேண்டாம்ட்டி, வேண்டாம்ட்டின்னேன். கையில பிள்ளை, ஸ்டூலு மேல நிக்கேன், எங்க ஓட? மாவப் போட்டு அப்பி என் கண்ணு மேலயும் ஒரு பூவ வச்சி அமுக்கிட்டா. பிள்ளைய எல்லாம் கொல்லுன்னு சிரிக்குது. மேடமும் சிரிச்சிட்டா. ஆவுடை டீச்சரு சிரிச்சி அன்னைக்குத்தான் நான் பாத்தேன். நான் ஒத்தக் கண்ணோட மேல நிக்கேன். பொய்யி சொல்லப்பிடாது, கேட்டியளா, குளுகுளுன்னு இருந்துச்சு. எறங்க மனசு வரல.

அன்னைக்குக் கண்ணு தொறக்கல. மருந்து ஒரு நாளு இருக்கட்டும்னுட்டா மேடம். சனிக்கெழம போய்த் தொடச்சி, வெள்ள அடிச்சி, பிள்ளையளையே தொறக்கச் சொன்னேன். மேடம் உத்தரவு. என் பொடி பிரஷ ஒவ்வொரு கையிலயா குடுத்து, கையப் பிடிச்சிக்கிட்டேன். மாட்டேன்னு கையை உதறிட்டு அதுக இஷ்டத்துக்கு வச்சதும் உண்டு. ஆனைக்கு ஒரு கண்ணு காதுல இருக்கு. எலிக்கு மூணு கண்ணு. நான் திருத்தல. அதுக்குக் கீழ மூலையில ‘இசக்கியம்மாள்’னு எழுதுனேன். நோட்டுல பழகுன மாதிரி வரல. எங்க வீட்டுக்காரரு பாக்க வந்தாவ. ரொம்ப நேரம் பாத்துட்டு, “பேரு நல்லாருக்கு. ஆனைக்குத்தான் கண்ணு காதுல இருக்கு”ன்னாவ. “உங்க போர்டப் போய்ப் பாருங்க”ன்னேன்.

பதினோரு ஊரும் கெடச்சிட்டு. இன்னைக்குப் போறது ஏழாவது. எல்லா ஊருலயும் மொத நாளே சொல்லிருதேன், ஆனைக்குக் கண்ணு நோவுன்னு. தப்பா நெனைக்காதிய. பிள்ளைய கிட்ட வரப்பிடாதுன்னுதான் சொல்லுதேன். ஈரத்துல கைய வச்சிருமே! ஆனா பாருங்க, எந்த ஊரா இருந்தாலும் நாலாம் நாளு எவளாவது ஒருத்தி மருந்தக் கொண்டாந்துருதா. ஒரு ஊருல பன்னீரு. ஒரு ஊருல ஒருத்தன் அவங்கம்மாவையே கூட்டிட்டு வந்துட்டான், கைப்பிள்ளைக்காரி, தாய்ப்பாலு ஊத்தணும்னு. சில ஊருல நந்தியாவட்டைச் செடி இருக்காது. பாவம், அதுக எங்க போவும்? அதான் பையில கொஞ்சம் கொண்டு போறது. நானாக் குடுக்க மாட்டேன். அப்படி ஜன்னல்ல வச்சிட்டு வேலையப் பாப்பேன், அவ்வளவுதான்.

ஒட்டகச்சிவிங்கிதான் பாடு. ஒவ்வொரு ஊருலயும் ஒண்ணத் தூக்க வேண்டியிருக்கு. ஒண்ணத் தூக்குனா இன்னொண்ணு நான் நான்னு வருது. இடுப்பு விட்டுப் போச்சு. எங்க வீட்டுக்காரரு சொல்லுதாவ, “இடுப்பு வலிக்கு, இடுப்பு வலிக்குன்னு மொனங்குதியே, அந்த ஒட்டகச்சிவிங்கியக் கொஞ்சம் கட்டையா வரைஞ்சாத்தான் என்னட்டி? பிள்ளைக்கு எட்டிட்டா நீ தூக்க வேண்டாம்லா?”ன்னு. தொழில் தெரிஞ்ச மனுசன் பேசுத பேச்சா இது? ஒட்டகச்சிவிங்கின்னா ஒசரமாத்தான இருக்கணும்? கட்டையா வரைஞ்சா ஆடுன்னுல்லா சொல்லுவாவ?

என் ஸ்டாப்பு வந்துட்டு. அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துத் தாங்க தாயி. பூவு நசுங்காம, மெதுவா. இந்தா, ஒண்ணு நீங்க வச்சிக்கிடுங்க, உங்களுக்கும் ஜன்னல் காத்துல கண்ணு செவந்தாப்புல இருக்கு. இந்த ஊருல வரைஞ்ச கழுத்து, போன ஊர விட ஒரு சாண் கூடிப் போச்சு. சொவரு ஒசரம்மா. நான் என்ன செய்ய?